அம்மன் ஏறும் ஜீப்புக்குப் பட்டை வாங்கிய கதை

எங்கள் குப்பத்தில் தராசு இல்லாத வீடு கிடையாது. மீன் விற்கிற ஊர். கையில் எதைத் தூக்கினாலும் இது இத்தனை கிலோ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நிறுத்துச் சொல்வதற்கு முன்பே, துணியில் சுற்றி வாங்குகிற எங்கள் பெண்கள் எடையைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு எடை மட்டும் யாருக்கும் தெரியாது என்பது, என் ஜீப்புக்கு ஸ்பிரிங் மாற்றப் போனபோதுதான் எனக்கே விளங்கியது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில் இருக்கிறோம். மேற்கே கன்டெய்னர் லாரி வரிசை, கிழக்கே எங்கள் வீடுகள், அதற்கப்புறம் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிவைத்த கருங்கல், அதற்கும் அப்புறம் கொஞ்சம் மணல், பிறகு கடல். என் ஜீப் ரொம்பப் பழசு. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். வருஷம் முழுக்க வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ரோட்டிலிருந்து கரைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அது நிற்கிற இடத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம், அவ்வளவு கவிச்சி.

மாசி மகத்தன்று மட்டும் அது வேறு வண்டி. கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாவிலை கட்டி, பின்பக்கத்தில் பலகை போட்டு, எங்கள் அம்மனை அதில்தான் உட்கார வைத்துக் கடலுக்குத் தீர்த்தம் ஆடக் கூட்டிப்போவோம். நாத்தம் அடிக்கிற வண்டியில் சாமியா என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்பார்கள். கடல்காரன் வீட்டு அம்மாவுக்குக் கவிச்சி என்ன புதுசா? எனக்கு அந்த ஒரு நாள் போதும். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் என் தாய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்த்துக்கொள்ளும். படிப்பும் பதவியும் இல்லாத எனக்கு அவள் கொடுத்த உத்தியோகம் அது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

அந்த உத்தியோகத்துக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது.

கருங்கல்லுக்கு நடுவே வண்டி இறங்க ஒரு சந்து உண்டு. புயலில் அலை புரட்டியதில் அந்தச் சந்தின் நடுவில் ஒரு கல் வந்து படுத்துவிட்டது. பாதி மண்ணுக்குள்ளே, பாதி வெளியே. அசைக்க முடியவில்லை. ஏறிப் போய்விடலாம் என்று போனேன். ஜீப்பின் வயிறு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டது. கோழி அடைகாக்கிற மாதிரி. நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மேலே அம்மன், கையில் தட்டோடு பூசாரி, சுற்றி ஊரே நிற்கிறது. கடைசியில் பக்கத்துக் குப்பத்தில் படகு இழுக்கிற டிராக்டர் வந்துதான் எங்களை இழுத்துவிட்டது.

அந்த டிராக்டர்காரன் என்னைவிடச் சின்னவன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

“இன்னா நைனா, உங்க அம்மாவ நீ கூட்டினு வந்தியா, நான் கூட்டினு வந்தனா?”

ஊர் சிரித்தது. எங்கள் ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோயிலுக்குத் திரும்பியதும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“தோ பாரு, உன்ன கொற சொல்லல. ஆனா அடுத்த மாசிக்கும் உன் வண்டி கல்லு மேல குந்திக்கினா, அதுக்கப்புறம் அம்மாவுக்கு டிராக்டர்தான். வண்டியத் தொடைச்சி வூட்டாண்ட வெச்சிக்க.”

அன்றைக்கு அம்மன் முன்னால் போய் நின்றேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. என்னை விட்டுடாதே என்று மட்டும் சொன்னேன்.

வண்டியை உயர்த்தினால் கல்லைத் தாண்டலாம் என்று முதலில் சொன்னவன் என் மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி. மீன் கம்பெனியில் வேலை, மற்ற நேரமெல்லாம் செல்போன். மலையில் ஏறுகிற ஜீப், சேற்றில் புரளுகிற ஜீப், ஆற்றில் நீந்துகிற ஜீப் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான்.

“மாமா, பட்டைய மாத்தி நாலு இஞ்ச் தூக்கிடு. கல்லு இன்னா, அந்த டிராக்டர் மேலயே ஏறிப் போலாம்.”

பட்டை என்றால், வில் மாதிரி வளைத்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். பழைய ஜீப்புக்கு அதுதான். வளைவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயரம். தகடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு முறுக்கு, லேசில் அமுங்காது. இந்த வித்தியாசமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உயரம் ஏறினால் போதும் என்று நினைத்துக்கொண்டு பட்டைக் கடை பாயிடம் போனேன். லாரி நிற்கிற இடத்தை ஒட்டி அவர் பட்டறை. கன்டெய்னர் லாரிகளுக்குப் பட்டை போட்டுப் போட்டுக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எதையும் சத்தமாகத்தான் பேசுவார்.

“ஒசரத்த வெச்சி பட்டை எடுக்கக் கூடாது நைனா! வெயிட்ட வெச்சிதான் எடுக்கணும்! லேசான வெயிட்டுக்கு முறுக்கான பட்டை போட்டா வண்டி குதுர மாதிரி எகிறும். கன வெயிட்டுக்கு எளசான பட்டை போட்டா எரும மாதிரி குந்திக்கும், நீ ஏத்துன ஒசரமெல்லாம் போச்சு. பின்னாடி இன்னா ஏத்துவே?”

“மத்த நாளு வலை, ஐஸு. அது எப்படியோ போவும் பாய். மாசி மகத்துக்கு அம்மன ஏத்தணும். அதுக்குத்தான் பட்டையே.”

“சரி. அம்மன் எவ்ளோ வெயிட்டு?”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சுறா எவ்வளவு, இறால் கூடை எவ்வளவு, நனைந்த வலை எவ்வளவு, எல்லாம் சொல்வேன். இது வரவில்லை.

“கேட்டுக்கினு வரேன் பாய்” என்று திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு எல்லோரும் வந்திருந்தபோது மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அம்மனைத் தூக்கி வண்டியில் வைக்கிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், “போவறப்ப பூ மாதிரி இருப்பாப்பா” என்றான். இன்னொருவன், “அது போவறப்ப. திரும்பி வரப்ப மலை மாதிரி ஆயிடுவா. கடல விட்டு வர மனசு இருக்காது பாரு” என்றான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது உண்மை என்று தெரியும். ஆனால் பாயிடம் போய் என்னவென்று சொல்வது?

மச்சான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, “மீன் ஏலக் கடையில பெரிய தராசு கீதே” என்றான்.

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “இன்னாடா சொன்னே? மீன் நிறுக்குற தராசுல அம்மாவ வைக்கிறதா?”

“கழுவிட்டுத்தான் பூசாரி.”

“கழுவுனாலும் தராசு தராசுதான்டா. பெத்தவள நிறுத்துப் பாக்குறவன் வெளங்குவானா?”

சரி என்று பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். தராசு வேண்டாம், அம்மனை ஜீப்பில் வைத்தால் வண்டி எத்தனை விரல் அமுங்குகிறது என்று பார், மற்றதை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. பூசாரியிடம் வந்து சொன்னேன்.

“அதுவும் நிறுக்குறதுதான். வண்டிய தராசாக்கிட்டு நிறுக்குற. அம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா?”

ஆக, கண் மதிப்புதான் வழி என்று ஆகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கோயில் வாசல். தூக்குகிறவர்களில் ஒருவன் பழக்க தோஷத்தில், “ஒரு மூணு வஞ்சிரம் பொட்டி அளவு இருப்பாங்க” என்று சொல்லிவிட்டான். சொன்னவுடன் அவனே நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பக்கத்திலிருந்தவர், “மூணு பொட்டியா? அம்மாவ அவ்ளோ கேவலமா சொல்றியே, அஞ்சு பொட்டி இருக்கும்” என்று ஏற்றினார். அவருக்குப் பின்னாலிருந்தவர் ஏழு என்றார். அதற்குமேல் யாருக்கும் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை. ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தலைவர் கையைத் தூக்கினார்.

“ஊருக்கே படியளக்குறவடா அவ. நீங்க பொட்டிக் கணக்கு சொல்லிக்கினு கீறீங்க. கனமான பட்டையா போடச் சொல்லு. அவ்ளோதான்.”

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இப்போது நினைத்தாலும், அந்த இடத்தில் நின்று குறைத்துச் சொல்ல என் நாக்கு எழும்பியிருக்காது. பாயிடம் போய், “கனமா போடுங்க பாய்” என்றேன்.

“எவ்ளோ கனம்?”

“கொறைச்சு சொல்ல வாய் வரல பாய்.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். “உங்க சாமி விசயம், நான் பேசக் கூடாது. ஆனா நைனா, பட்டைக்கு பக்தி தெரியாது.”

“நீங்க போடுங்க பாய். அவ பாத்துப்பா.”

போட்டார். நல்ல வளைவு, மேற்கொண்டு தகடு. வண்டியைப் பார்த்த மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னால் நின்று, பின்னால் நின்று, படுத்துக்கொண்டுகூட போட்டோ எடுத்தான். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் நாய் நடந்து போனது. சந்தில் இறக்கிப் பார்த்தேன். கல்லின்மேல் நிழல்கூட உரசாமல் தாண்டியது. அன்று மாலை அம்மனுக்கு ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கிப் போட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரியைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் மீன் விற்கிறவள். ஏறுவதற்கே மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட வேண்டியதாயிற்று. ரோட்டில் முதல் பள்ளம் வந்தது. வண்டி இறங்கவில்லை, எகிறியது. பின்னாலிருந்த ஐஸ் பெட்டியின் மூடி ஒரு பக்கம், ஐஸ் ஒரு பக்கம், அவள் தலை மேலே கம்பியில். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அவள் கொண்டை அவிழ்ந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கேட்டாள்.

“ஏன்யா, அம்மாவ நீ கடலுக்கு கூட்டினு போவப் போறியா, இல்ல தூக்கிப் போட்டுப் புடிச்சி வெளயாடப் போறியா?”

கல்லைத் தாண்டுகிற உயரம் வந்துவிட்டது. ஆனால் இந்த எகிறலில் அம்மன் பலகையில் நிற்பாளா? டிராக்டர் இழுத்தால் மானம்தான் போகும். அவள் சாய்ந்துவிட்டால் என் உயிரே போய்விடும்.

அப்படியே வண்டியைத் திருப்பிப் பாயிடம் விட்டேன். அவர் பின்பக்கம் கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். கல்லை அமுக்குகிற மாதிரி இருந்தது.

“சொன்னேன்ல? பட்டை வெயிட்டக் கேக்குது. ரெண்டு தகட உருவிட்டா போதும். இப்பவே உருவட்டா?”

ஊர் கூடிச் சொன்ன கனம் அது. அதிலிருந்து இரண்டு தகட்டை உருவினால், அம்மா அவ்வளவு இல்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகாதா? வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அப்ப வெயிட்டு ஏத்து. மணல் மூட்ட போடு.”

“அம்மா காலடியில மூட்டையா? லாரியா பாய் அது?”

இதையெல்லாம் என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே நின்றாள். வந்து ஏறினாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் போடும்போதுதான் சொன்னாள்.

“வெயிட்டுதானே வேணும்? நாங்க சீர்த்தட்ட தூக்கிக்கினு வெயில்ல பின்னாடியே நடந்து வரோம். ஏறிக்கினா போச்சு.”

மகத்தன்று பெண்கள் பூ, பழம், வளையல், புடவை வைத்த தட்டுகளோடு வண்டிக்குப் பின்னால் நடப்பது வழக்கம். வண்டியில் அம்மனோடு பூசாரி மட்டும்தான். மறுநாள் தலைவரிடம் அவளே போய்க் கேட்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“பொம்பளைங்க அம்மா பக்கத்துல குந்துறதா? அந்த மாதிரி எப்பவாவது நடந்துகீதா?” என்றார் அவர்.

“ஏன் தலைவரே, அவளும் பொம்பளதானே. குளிக்கத்தானே போறா? ஒரு பொம்பளைய குளிக்கக் கூட்டினு போவ, இத்தினி வருசமா ஆம்பளைங்கள மட்டும் கூட ஏத்தி அனுப்பிக்கினு கீறீங்களே, இது மொறையா?”

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். “சரி, ஏறிக்கங்க” என்று கடைசியில் தலைவர்தான் சொன்னார்.

மகம் வந்தது. வண்டியில் அம்மனை ஏற்றிக் கட்டியாயிற்று. பச்சைப் புடவை, மூக்குத்தி. பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. தான் போட்ட பட்டைக்குத் தான்தான் பொறுப்பு என்று பாய் வந்து, ரோட்டு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரி கழுவிக் கவிழ்த்த மீன் பெட்டியில் கால் வைத்து முதலில் ஏறினாள். பிறகு ஒவ்வொருத்தியாக. பாய் குனிந்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒருத்தர் ஏறுங்கம்மா. பத்தல. இன்னும் ஒருத்தர்.”

மேலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். “இன்னா பாய், நாங்க இன்னா சரக்கா? லோடு ஏத்திக்கினு கீறே?”

“சரக்குன்னா நான் இவ்ளோ மரியாதையா சொல்லமாட்டேன் தாயி.”

ஏலக் கடையில் எல்லோரையும்விட சத்தமாகக் கூவுகிற அக்கா ஒருத்தர் உண்டு. அவர் பெட்டியில் கால் வைத்து, பழத்தட்டோடு ஏறி, உட்கார்ந்தார். பட்டை மெல்ல வளைந்து இறங்கியது.

“போதும்!” என்று பாய் கத்தினார். லாரிக்குக் கத்துகிற அதே சத்தம்.

வண்டியே சிரித்துக் குலுங்கியது. “நீ ஏறுனதும் போதும்ட்டாரு பாருக்கா!” என்று ஆளுக்கு ஒரு பக்கம் கலாய்த்தார்கள். அந்த அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை. “ஆமான்டி. நான் இல்லாம உங்க அத்தினி பேரையும் வெச்சிக்கினு வண்டி நின்னுதா?” என்றார்.

ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். எகிறவில்லை. பள்ளத்தில் தொட்டில் மாதிரி இறங்கி ஏறியது. அம்மன் தலையில் பூகூட அசையவில்லை. ஆனால் இப்போது வேறு பயம். இத்தனை பேர் ஏறியதில் வண்டி அமுங்கியிருக்கிறது. கல் தட்டுமா?

மணலில் புதையாமல் இருக்க, சந்துக்கு முன்னால் நிறுத்தி நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். அதில் இன்னும் ஒரு விரல் உயரம் போயிற்று. பக்கத்துக் குப்பத்து அம்மனும் தீர்த்தத்துக்கு வந்திருந்தாள். டிராக்டர்காரன் கல்லின்மேல் நின்றுகொண்டிருந்தான். கையில் கயிறு. தயாராகவே வைத்திருந்தான்.

“கட்டட்டா நைனா?”

தாயே, நான் உன்னைக் குறைச்சு சொல்லல, அது உனக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கியரைப் போட்டேன். முன் சக்கரம் ஏறியது. இறங்கியது. கல் வயிற்றுக்குக் கீழே வந்துவிட்டது. போன வருஷம் வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்தபோது கேட்ட அந்தச் சத்தத்துக்காக என் காது, முதுகு, உள்ளங்கால் எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. பின் சக்கரம் ஏறியது. ஒரு நொடி வண்டி நின்ற மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக மணலில் இறங்கியது.

சத்தம் வந்தது. ஆனால் கீழேயிருந்து இல்லை. பின்னால் எல்லாப் பெண்களும் ஒரே மூச்சில் குலவை போட்டார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அலைவரைக்கும் ஓட்டினேன். டிராக்டர்காரன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் போட்டுக் கும்பிட்டான். அம்மனுக்குத்தான், எனக்கு இல்லை. ஆனாலும் கொஞ்சம் எனக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

தீர்த்தம் முடிந்து திரும்பும்போது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பெண்கள் ஈரப் புடவையோடு தானாகவே ஏறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கல்லை மறுபடியும் தாண்டினோம். ரோட்டுக்கு வந்ததும், வீட்டில் உலை வைக்கணும் என்று எல்லோரும் திபுதிபுவென்று இறங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரியும்தான். வண்டியில் அம்மனும் பூசாரியும் மட்டும். கோயில் வரை இன்னும் ஒரு தெரு இருந்தது. அதில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. பூசாரி ஒரு கையால் அம்மனையும் ஒரு கையால் கம்பியையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

எகிறவில்லை. ஒரு பள்ளத்தில்கூட எகிறவில்லை. தொட்டிலாகவே போய் நின்றது.

பூசாரி இறங்கி, என் தோளைத் தொட்டார். “நிறுத்துப் பாக்கணும்னியே. வரப்ப மலைன்னு சொன்னாங்களா இல்லியா?”

பின்னாலேயே நடந்து வந்த பாய் குனிந்து டயரைக் கையால் அழுத்திப் பார்த்தார். “காத்து கம்மி நைனா. டயரு எளசா இருந்தா குதிக்காது” என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. காற்றை இறக்கியவன் நான்தானே. ஆனால் மறுநாள் அதே டயர், அதே காற்றோடு, ஆள் இல்லாமல் அதே தெருவில் ஓட்டிப் பார்த்தேன். முதல் பள்ளத்திலேயே என் தலை கம்பியில் இடித்தது.

பாயிடம் இதைச் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொண்டே கோயிலுக்குப் போனேன். அம்மன் எப்போதும்போல உட்கார்ந்திருந்தாள். வாசலில் தலைவர், அடுத்த மகத்துக்கு வண்டியில் யார் யாருக்கு இடம் என்று சண்டை போட வந்த பெண்களிடம் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், “தோ, வண்டிக்காரன் வந்துட்டான், அவன கேளுங்க” என்று கையைக் காட்டிவிட்டு நழுவினார்.